குதிரைப்படைத் தலைக்கவசங்கள்

ஜெர்மனியிலே ஒரு பொருட்காட்சிசாலையின் பழுதுபார்க்கும் அறையில் சில மாத காலம் பயிற்சி பெறும் வாய்ப்பு எனக்கு ஒரு சமயம் கிடைத்தது. நான் சென்ற முதல் நாள் அங்கே மேசைமீது மூன்று தலைக்கவசங்களை வைத்திருந்தார்கள். ஒன்று எஃகினால் ஆனது. அதன் பின்புறம் பிடரியின்மேல் சரிந்து விரிந்திருந்தது. மற்றொன்று கறுப்பு வார்னிஷ் பூசிய தோல். மூன்றாவது, உச்சியில் ஒரு சதுரப் பலகையைப் பொருத்தியது போன்ற விசித்திரமான உருவம் உடையது. மூன்றும் பழைய ஜெர்மானியக் குதிரைப்படையினர் அணிந்தவை. எனக்குக் கற்பிக்க வந்த முதியவர், "எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள்" என்றார். தோல் கவசத்தின் உச்சியில் பளபளவென்று ஒரு கூர்முனை நின்றது. தூக்குவதற்கென்றே அமைத்த பிடி போல அது எனக்குத் தோன்றவே, அதைப் பற்றப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அதைப் பிடித்துத் தூக்கினால் முனை உங்கள் கையோடு வந்துவிடும், கவசம் மேசையிலேயே நிற்கும். இரண்டு கைகளாலும் அடியில் தாங்கி எடுங்கள், பச்சைக் குழந்தையின் தலையைத் தாங்குவது போல" என்றார்.

அன்று தொடங்கிய பாடத்தில் நான் கற்றுக்கொண்டவற்றையும், அதே அறையில் நான் செய்த ஒரு தவற்றையும் பற்றி இன்று உங்களிடம் பேசலாம் என்று எண்ணுகிறேன். எங்கோ ஒரு தேசத்துப் பட்டாளத்தின் தொப்பியைப் பற்றித் தெரிந்துகொள்வதனால் நமக்கு ஆவது என்ன என்று மாணவர்களாகிய நீங்கள் கேட்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். ஆனால் ஒரு பழைய பொருளின் முன்னே உட்கார்ந்து, அது யாருடையது, எந்தக் காலத்தது, அதில் எது பழையது, எது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று பொறுமையாக விசாரிக்கும் வேலை இருக்கிறதே, அது மிகுந்த சுவை உடையது. துப்பறியும் கதைகளில் நாட்டம் உடையவர்கள் இந்த வேலையை விடவே மாட்டார்கள்.

முதலில் இந்தக் கூர்முனைக் கவசத்தின் சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம். பிரஷிய நாட்டின் அரசராக இருந்த நான்காம் பிரெடரிக் வில்லியம், 1842 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஓர் ஆணை பிறப்பித்துத் தம் காலாட்படைக்கு இதை அளித்தார். ஜெர்மானியர்கள் இதைப் பேச்சு வழக்கில் 'பிக்கல்ஹௌபெ' என்பார்கள். சர்க்கார் ஏடுகளிலோ, 'முனையுடைய கவசம்' என்று பொருள்படும் பெயரால்தான் குறிப்பிட்டார்கள். பிஸ்மார்க்கின் படத்தைச் சரித்திரப் புத்தகத்தில் பார்த்தவர்களுக்கு இந்தக் கூர்முனை புதிதாக இராது. முதலில் வந்த கவசம் மிக உயரமானது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அது படிப்படியாகக் குட்டையாகிக்கொண்டே வந்தது. ஆகையால் அதன் உயரத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே அனுபவம் உள்ளவர் அதன் காலத்தை ஒருவாறு மதிப்பிட்டுவிடுவார். பீரங்கிப் படையினருக்குக் கூர்முனைக்குப் பதிலாக உருண்டை ஒன்றை வைத்தார்கள்.

குதிரைப்படையில் இந்த ஒருமை கிடையாது. முதல் உலக யுத்தம் தொடங்கிய 1914 ஆம் ஆண்டில் ஜெர்மானிய சைனியத்தில் 110 குதிரைப் பட்டாளங்கள் இருந்தன. அவை பல இனத்தவை. இனத்துக்கு ஏற்பத் தலையணியும் மாறும். க்யூராசியர் என்ற கனத்த குதிரைப்படையினர் ஒரு காலத்தில் மார்புக் கவசம் பூண்டு போர்செய்தவர்கள். அவர்களுக்கு உலோகத்தாலான தலைக்கவசம். சாதாரண க்யூராசியர்களுக்கு மெருகிட்ட எஃகு. அரசரின் மெய்காவற் பட்டாளங்களுக்குத் தோம்பாக் என்ற உலோகம். செம்பு மிகுந்த ஒருவகைப் பித்தளைதான் தோம்பாக். அது பொன்னும் செம்பும் கலந்தாற் போன்ற நிறம் காட்டும். அணிவகுப்பு நாட்களில் மெய்காவலர்கள் உச்சியில் உள்ள முனையைக் கழற்றிவிட்டு, சிறகு விரித்த ஒரு கழுகுப் பதுமையைப் பொருத்திக்கொள்வார்கள். தலைக்குமேல் ஒரு பறவையைச் சுமந்துகொண்டு குதிரையில் போவது நமக்குச் சிரிப்பை விளைவிக்கலாம். பெர்லின் வீதிகளில் நின்று அதைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திராது.

உலான் எனப்படும் ஈட்டி வீரர்களின் தலையணி போலந்து நாட்டிலிருந்து வந்தது. அதன் உச்சியில் உள்ள சதுரப் பலகையைத்தான் முதல் நாளில் நான் விசித்திரம் என்று நினைத்தேன். ஹுஸார் என்போருக்கு மென்மயிர்த் தோலால் ஆன குல்லாய். அவர்களுள் சில பட்டாளத்தார் அதன் முன்புறத்தில் மண்டையோட்டுச் சின்னம் தரித்தார்கள். யெகர் என்ற வேட்டைக் குதிரைப்படையினருக்கு, க்யூராசியருடைய கவசத்தைப் போன்ற உருவத்தில், கறுப்பாக்கிய எஃகுக் கவசம் கொடுத்தார்கள். டிராகூன் என்போர் காலாட்படையினரைப் போலவே தோல் கவசம் அணிந்தவர்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சாதாரணக் காலாட்படைச் சிப்பாயின் கவசத்தில் கண்ணுக்கு மேலே நிழல் தரும் முன்விளிம்பு வளைந்து உருண்டிருக்கும். டிராகூனுடையதில் அது மூலைகளோடு சதுரமாக வெட்டப்பட்டிருக்கும். குதிரைப்படையினரின் தாடைப்பட்டையும் புடைத்த உலோகச் செதில்களைக் கோத்துச் செய்தது. எனவே கூர்முனையுள்ள தோல் கவசம் ஒன்று கிடைத்தால் முதலில் பார்க்கவேண்டியது முன்விளிம்பின் மூலையை. அடுத்துப் பார்க்கவேண்டியது தாடைப்பட்டையை. இவ்வளவு சிறிய அடையாளத்தைக் கொண்டு காலாளா, குதிரையாளா என்று சொல்லிவிடலாம்.

இனி, கவசத்தின் முகம் என்று சொல்லத்தக்க நெற்றித்தகடு. 1871 ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பேரரசு உண்டானபோது அதில் பல நாடுகள் சேர்ந்தன. பிரஷியா, பவேரியா, சாக்சனி, வுர்ட்டம்பர்க் ஆகிய நான்கும் தனித்தனி அரசருடைய நாடுகள். மற்றவை கோமான்களின் ஆட்சிக்கு உட்பட்டவையும் தன்னாட்சி நகரங்களும். ஒவ்வொரு நாடும் தன் தன் சின்னத்தை வீரர்களின் நெற்றியில் பொறித்தது. பிரஷியாவுக்குக் கழுகு, ஒரு காலில் வாள், மற்றொரு காலில் செங்கோல், 'கடவுளோடு, அரசருக்காகவும் தாயகத்துக்காகவும்' என்று பொருள்படும் சுருள்பட்டை. பவேரியாவுக்குச் சிங்கங்கள். பாடன் நாட்டுக்குப் பாதி கழுகும் பாதி சிங்கமுமான கற்பனை விலங்கு. வுர்ட்டம்பர்க்கின் கேடயத்தை ஒரு பக்கம் சிங்கமும் மறுபக்கம் கலைமானும் தாங்கும். சாக்சனிக்கும் மெக்லென்பர்க்குக்கும், கதிர்கள் வீசும் நட்சத்திரத்தின் நடுவே நாட்டுச் சின்னம். இந்த மெக்லென்பர்க் நட்சத்திரத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது வரும்.

கழுகு ஒன்றாயிருந்தாலும் அதன்மேல் உள்ள எழுத்து வேறுபடும். முதல் நாள் மேசைமேல் இருந்த எஃகுக் கவசத்தின் தகட்டை என் ஆசிரியர் என்னையே படிக்கச் சொன்னார். எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'ஹோஹன்ஃப்ரீட்பெர்க், 4 ஜூன் 1745'. அது ஒரு போரின் பெயரும் நாளும். மகா பிரெடரிக் என்று புகழப்பெறும் பிரஷிய அரசர் அன்று ஆஸ்திரியரையும் சாக்சனியரையும் தோற்கடித்தார். பைராய்த் டிராகூன் என்ற பட்டாளம் ஒரே பாய்ச்சலில் எதிரிகளின் அணியைக் குலைத்து 60க்கு மேற்பட்ட கொடிகளைக் கைப்பற்றியது. பிற்காலத்தில் அந்தப் பட்டாளம் இரண்டாம் எண் க்யூராசியர் பட்டாளமாக மாறியது. பாட்டனார் வென்ற பட்டயத்தைப் பேரன்மார் நெற்றியில் கட்டிக்கொண்டதைப் போல, அந்த நாளைத் தங்கள் கவசத்தில் பொறித்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. ஆகவே அந்த ஒரு வரியே போதும். இந்தத் தகடு எந்தப் பட்டாளத்தினுடையது என்பதில் ஐயம் எழாது. தகட்டைத் தாங்கும் கவசமும் அதே பட்டாளத்தினுடையதுதானா என்பது வேறு கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தச் சுருள்பட்டைகளில் காலத்தின் விளையாட்டையும் காணலாம். ஹானோவர் நாட்டுப் பட்டாளங்கள் சிலவற்றின் தகட்டில் 'வாட்டர்லூ' என்றும், 'பெனின்சுலா' என்றும் எழுதியிருக்கும். நெப்போலியன் காலத்தில் ஹானோவர் வீரர்கள் இங்கிலாந்து அரசரின் கொடிக்கீழ், இங்கிலாந்தின் சேனையோடு சேர்ந்து ஸ்பெயினிலும் வாட்டர்லூவிலும் போரிட்டுப் பெற்ற பெருமை அது. 1914 இல் அந்தப் பெயர்களையே நெற்றியில் தாங்கிக்கொண்டு அவர்கள் வழியினர் இங்கிலாந்தோடு போரிடச் சென்றார்கள்.

ஹோஹன்ஃப்ரீட்பெர்க் தகட்டை அணிந்த க்யூராசியர்களும் அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பெல்ஜியத்துக்குள் புகுந்தார்கள். 12 ஆம் தேதி ஹாலன் என்ற சிற்றூரின் அருகே தளபதி ஃபான் டெர் மார்விட்ஸின் குதிரைப்படையைப் பெல்ஜியக் குதிரைப்படை எதிர்த்தது. பெல்ஜியத் தளபதி டெ விட் ஒரு காரியம் செய்தார். தம் வீரர்களைக் குதிரையிலிருந்து இறங்கச் சொல்லி, வேலிகளுக்கும் வீடுகளுக்கும் பின்னால் துப்பாக்கியோடு படுக்கவைத்தார். ஜெர்மானியர்கள் வாளும் ஈட்டியும் ஏந்திக் கோதுமை வயல்களின் ஊடே அலை அலையாகப் பாய்ந்தார்கள். மெக்லென்பர்க் டிராகூன்களின் 17, 18 ஆம் எண் பட்டாளங்களும், இரண்டாம் க்யூராசியர்களும், ஒன்பதாம் உலான்களும் பாய்ந்தார்கள். எதிரே இயந்திரத் துப்பாக்கி இருந்தது. 1745 இல் பலித்தது 1914 இல் பலிக்கவில்லை. மாலையில் அந்த வயல்களில் சிதறிக் கிடந்த தலைக்கவசங்களை வைத்து, அந்தச் சண்டைக்கு 'வெள்ளிக் கவசங்களின் போர்' என்று பெயர் வழங்கலாயிற்று. அவற்றில் ஒன்றுகூட வெள்ளி அல்ல. எஃகும் தோலும் பித்தளையுந்தான்.

அடையாளம் காணும் விஷயத்துக்குத் திரும்புவோம். கவசத்தின் இரு பக்கங்களிலும் தாடைப்பட்டை பொருந்தும் இடத்தில் ரூபாய்க் காசைவிடப் பெரியனவாக நிற வட்டுக்கள் இருக்கும். 1897 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துக்கு முன் ஒரே ஒரு வட்டுத்தான். அந்தந்த நாட்டின் நிறத்தில் வலப்பக்கம் இருக்கும். அந்த ஆண்டில் முதலாம் வில்லியம் சக்கரவர்த்தியின் நூறாவது பிறந்த நாளை ஒட்டிப் பேரரசின் கறுப்பு, வெள்ளை, சிவப்பு வட்டை வலப்பக்கம் வைத்து, நாட்டின் வட்டை இடப்பக்கம் மாற்றினார்கள். இடப்பக்கத்து வட்டு கறுப்பும் வெள்ளையுமாக இருந்தால் பிரஷியா. வெள்ளையும் நீலமும் பவேரியா. வெள்ளையும் பச்சையும் சாக்சனி. மஞ்சளும் சிவப்பும் பாடன். நீலம், மஞ்சள், சிவப்பு மூன்றும் இருந்தால் மெக்லென்பர்க். இரண்டு வட்டுக்கள் இருந்தால் கவசம் 1897க்குப் பிந்தியது என்று உடனே முடிவு கட்டிவிடக்கூடாது. பழைய கவசத்துக்கே புது வட்டைச் சேர்த்துத் தொடர்ந்து அணிந்திருக்கலாம். அந்த வடிவில் அது அந்த ஆண்டுக்குப் பிறகு உபயோகத்தில் இருந்தது என்று மட்டுமே சொல்லலாம். இப்படி ஒரு சான்று எதுவரை பேசுகிறதோ அதுவரை மட்டும் அதை நம்புவதுதான் இந்தத் தொழிலில் கடினமான பாடம்.

அதிகாரியின் கவசத்துக்கும் சிப்பாயின் கவசத்துக்கும் உள்ள வேற்றுமை உள்ளே புரட்டிப் பார்த்தால் விளங்கும். அதிகாரி தம் சொந்தப் பணத்தில் வாங்கினார். அவருடைய தகட்டுக்குப் பொன்முலாம். உள்ளே பட்டுத் துணி. முன்விளிம்பின் அடிப்புறம் பச்சை, பிடரிக்காப்பின் அடிப்புறம் சிவப்பு. அவருடைய நெற்றித்தகடு மரையாணிகளால் முடுக்கப்பட்டிருக்கும். சிப்பாயின் கவசம் சர்க்கார் சொத்து. அதன் உள்ளே முரட்டுத் தோல் நாக்குகள் தைத்திருக்கும். பட்டாளத்தின் குறியும் ஆண்டும் முத்திரையாகக் குத்தியிருக்கும். அவனுடைய நெற்றித்தகட்டின் பின்புறம் இரண்டு வளையங்கள் இருக்கும். அவற்றைக் கவசத்தில் உள்ள துளைகளின் வழியே நுழைத்து உட்புறம் தோல் ஆப்புச் செருகியிருப்பார்கள்.

இந்தத் துளைகள்தாம் பல பொய்களை வெளிப்படுத்துகின்றன. யுத்தம் முடிந்தபின் வெற்றி பெற்ற நாட்டுச் சிப்பாய்கள் இக்கவசங்களை ஞாபகப் பொருளாகத் தூக்கிச் சென்றார்கள். 1919 இல் நியூயார்க் நகரத்து வீதியில், யுத்தக் கடன் பத்திர விற்பனைக்கு விளம்பரமாக, ஆயிரக்கணக்கான ஜெர்மானியத் தலைக்கவசங்களைக் கோபுரம்போல் குவித்து வைத்தார்கள். இப்படி உலகமெங்கும் பரவிய கவசங்கள் பரண்களில் கிடந்தன, குழந்தைகள் விளையாடினார்கள், முனை ஒரு வீட்டிலும் தகடு ஒரு வீட்டிலுமாகப் பிரிந்தன. பிற்காலத்தில் அவற்றுக்கு விலை ஏறியபோது வியாபாரிகள் பத்துக் கவசங்களின் உறுப்புக்களைக் கொண்டு ஐந்து கவசங்களைச் சேர்த்தார்கள். சாதாரணக் கழுகைக் கழற்றிவிட்டு அரிய பட்டாளத்தின் தகட்டை வைத்துவிட்டால் விலை பல மடங்காகும் அல்லவா? ஆனால் எல்லாத் தகடுகளுக்கும் துளைகளின் இடைவெளி ஒன்றாக இராது. தகட்டை மாற்றியவன் புதிய துளை போடவேண்டும். பழைய துளையை அடைக்கவேண்டும். வெளியே தகடு மறைத்துவிடும். உள்ளே விளக்கைப் பிடித்தால், இருக்கவேண்டிய இரண்டு துளைகளுக்கு நான்கு தெரியும். அந்த ஹோஹன்ஃப்ரீட்பெர்க் கவசத்தைப் புரட்டி உள்ளே பார்க்கும்போது என் ஆசிரியர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டே துளைகள், ஒட்டுப்போட்ட தடம் இல்லை. அவர் முகம் மலர்ந்தது.

பழுதுபார்ப்பது என்றால் பலரும் பளபளப்பாக்குவது என்று பொருள் கொள்கிறார்கள். நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோம். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கிறது. கூடவே உலோகத்தின் மேற்படலத்தையும் சிறிது எடுத்துக்கொண்டு போகிறது. பாட்டியின் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களை எடுத்துப் பாருங்கள். அதில் வெட்டிய பெயர் பாதி தேய்ந்திருக்கும். நாள்தோறும் புழங்கும் பாத்திரத்துக்கு அது நியாயந்தான். ஆனால் பொன்முலாம் பூசிய தகட்டை அப்படித் துலக்கினால் முலாம் போய்விடும். அது அதிகாரியுடையது என்பதற்கு இருந்த சான்றும் அதோடு போய்விடும்.

எஃகின் சங்கதி வேறு. துரு தானாக நிற்பதில்லை. உள்ளே அரித்துக்கொண்டே போகும். அதை எடுத்தே தீரவேண்டும். அதற்கும் உப்புத்தாள் கூடாது. மெல்லிய எண்ணெய் தடவி, ஊறவிட்டு, மிருதுவாகத் தேய்த்துத் தேய்த்து நாள்கணக்கில் எடுக்கவேண்டும். க்யூராசியன் தன் கவசத்தை நாள்தோறும் மெருகேற்றியவன்தானே, நாமும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்று நான் வாதாடினேன். "அவனுக்கு அடுத்த ஆண்டு வேறு கவசம் கிடைக்கும், நமக்கு இது ஒன்றுதான்" என்று பதில் வந்தது.

தோல்தான் மிகவும் சிரமம் தருவது. வறண்ட காற்றில் அது சுருங்கும். முன்விளிம்பைக் கவசத்தோடு இணைக்கும் தையல் இற்றுவிடும். வார்னிஷ், தண்ணீர் வற்றிய ஏரியின் அடி மண்ணைப் போல வெடிக்கும். ஈரக் காற்றிலோ பூசணம் பிடிக்கும். ஆகையால் இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய ஐம்பது சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் அதை வைக்கிறார்கள். பித்தளை தோலைத் தொடும் இடங்களில் செம்பும் தோலின் கொழுப்பும் கூடிப் பச்சை நிறத்தில் மெழுகு போன்ற ஒரு பொருள் கசியும். அதை மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுக்கவேண்டும். எண்ணெய் ஊற்றித் தோலைப் பதப்படுத்தலாம் என்று பழைய நூல்கள் சொல்லும். செய்தால் அந்தப் பச்சை இன்னும் அதிகமாகும். இற்ற தையலுக்கு உட்புறத்தில் ஜப்பானியக் காகிதத்தைக் கோதுமை மாப் பசையால் ஒட்டித் தாங்கல் கொடுக்கிறார்கள். பலத்த கோந்துகள் எத்தனையோ இருக்க, மாப் பசை எதற்கு? நாளைக்கு நம்மைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் வந்தால், ஈரம் காட்டி அதை எடுத்துவிட்டு மறுபடி செய்யலாம் என்பதற்காக.

இத்தனையும் கற்ற பின்புதான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன்.

மேசைமேல் முதல் நாள் இருந்த தோல் கவசத்தை நான்காம் மாதத்தில் என்னிடம் ஒப்படைத்தார்கள். முன்விளிம்பு சதுரம், தாடைப்பட்டை செதில், ஆகவே டிராகூனுடையது. நெற்றியில் பிரஷியக் கழுகு. வலப்பக்கம் பேரரசின் வட்டு இருந்தது. இடப்பக்கத்து வட்டு காணாமற் போயிருந்தது. உள்ளே முத்திரை அழிந்து, '09' என்ற இரண்டு இலக்கங்களே தெரிந்தன. பெல்ஜியத்தில் ஒரு குடும்பத்தார் தலைமுறையாகக் காப்பாற்றி வந்தது அது. ஹாலன் போர்க்களத்தில் கிடைத்தது என்று அவர்கள் சொல்லிவந்தார்கள். குடும்பக் கதைகளை எல்லோரும் மரியாதையோடு கேட்பார்கள், குறிப்பேட்டில் எழுதமாட்டார்கள். தூசியைத் துடைத்து, களிம்பை எடுத்து, இற்ற தையலுக்குத் தாங்கல் கொடுக்கவேண்டும். அவ்வளவே எனக்கு இட்ட வேலை.

அவ்வளவோடு நான் நிற்கவில்லை. ஆசிரியர் இரண்டு நாள் ஊரில் இல்லை. அவர் திரும்பி வரும்போது கவசம் புதிதுபோல் இருக்கவேண்டும் என்று ஓர் ஆசை. தகட்டைக் கழற்றினேன். அடியில் இருந்த வார்னிஷ் நல்ல கறுப்பாகவும், சுற்றிலும் இருந்தது மங்கியும் வெடித்தும் இருந்தன. அதோடு, கழுகின் உருவத்துக்கு அப்பாலும் வார்னிஷின்மேல் சாய்ந்த கோடுகள் சில மெலிதாகப் படிந்திருந்தன. அழுக்கு என்று எண்ணினேன். கரைப்பானில் நனைத்த பஞ்சால் முன்புறம் முழுவதையும் துடைத்து, ஒரே சீராக்கி, மேலே மெல்லிய கறுப்பு வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசினேன். மிக அழகாக வந்தது. நானே அதைப் பார்த்து மகிழ்ந்தேன்.

ஆசிரியர் வந்தார். கவசத்தைக் கையில் எடுக்காமலே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே விளக்கைப் பிடித்தார். நான்கு துளைகள்! இரண்டைத் தோல் துண்டால் அடைத்திருந்தது. வெளியிலேயே கண்ணாக இருந்த நான் உள்ளே பார்க்கவே இல்லை. "தகட்டைக் கழற்றியபோது அதன் அடியில் என்ன கண்டீர்கள்?" என்று கேட்டார். சாய்ந்த கோடுகளைப் பற்றிச் சொன்னேன். "எத்தனை? எந்தப் பக்கம் சாய்ந்தவை? ஒரு புள்ளியிலிருந்து கிளம்பினவா?" எனக்குத் திடமாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

அவர் கேட்டதன் பொருள் உங்களுக்கும் புரிந்திருக்கும். ஒரு தகடு பல்லாண்டு காலம் தோலின்மேல் அழுந்தியிருந்தால் அதன் நிழல் வார்னிஷில் பதிந்துவிடும். வெளிச்சம் படாத இடம் மங்காது. ஓரங்கள் சிறிது குழிந்திருக்கும். கழுகை வைப்பதற்குமுன் அந்த இடத்தில் வேறொரு தகடு இருந்திருக்கிறது. அதன் கோடுகள் ஒரு நடுவிலிருந்து கதிர்போல் விரிந்திருந்தால், அது நட்சத்திரத் தகடு. டிராகூன் கவசத்தில் அப்படியொரு நட்சத்திரம் என்றால் மெக்லென்பர்க்கைத்தான் முதலில் நினைக்கவேண்டும். ஹாலன் வயல்களில் பாய்ந்தவர்கள் மெக்லென்பர்க் டிராகூன்கள். அந்தக் குடும்பத்தார் சொல்லிவந்த கதைக்கு இருந்த ஒரே சாட்சி அந்த நிழல்.

நான் அதைத் துடைக்கு முன் படம் எடுத்திருக்க வேண்டும். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்து வைத்து ஒரே ஒரு படம் எடுத்திருந்தால் போதும். தகடு இருந்த நிலையில் எடுத்த படங்கள் இருந்தன. தகட்டைக் கழற்றிய பின் எடுத்தது ஒன்றும் இல்லை. எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் உள்ள காலத்தில் வழியா இல்லை என்று நீங்கள் கேட்கலாம். இரண்டையும் முயன்று பார்த்தார்கள். பஞ்சோடு கரைந்து போனதை எந்தக் கதிரும் காட்டாது. பழைய துளைகளின் இடைவெளியை அளந்தார்கள். அது ஒன்றுக்கு மேற்பட்ட நாட்டுத் தகடுகளுக்குப் பொருந்துவதாக இருந்தது. எஞ்சியது என் நினைவு ஒன்றே. அன்று முதல் எத்தனையோ தடவை கண்ணை மூடி அந்தக் கோடுகளைப் பார்க்க முயன்றிருக்கிறேன். இப்போதெல்லாம் அவை கதிர்போலத் தெளிவாக விரிந்தே தெரிகின்றன. அப்படித் தெரியவேண்டும் என்று நான் விரும்புவதால்தான் தெரிகின்றன என்பதும் எனக்குத் தெரியும். சாட்சி சொல்ல நான் தகுதி அற்றவன்.

ஆசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கவசத்துக்குரிய குறிப்பு அட்டையை எடுத்து, தம் சிறிய எழுத்தில் எழுதினார்: 'டிராகூன் தலைக்கவசம். சாதாரணச் சிப்பாய்க்குரியது. நெற்றித்தகடு பின்னர் மாற்றப்பட்டது. பட்டாளம் தெரியவில்லை.' எழுதி முடித்ததும் அட்டையையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். இன்னும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது என்றும், அதை நானே எழுதவேண்டும் என்றும் சொன்னார். 'முன்புறம் துடைக்கப்பட்டு, இந்த அறையில் மறுவார்னிஷ் பூசப்பட்டது' என்று எழுதி, தேதியிட்டு, என் கையொப்பத்தையும் இட்டேன். மை உலரும்வரை காத்திருந்து, அவர் அட்டையைப் பெட்டியில் வைத்தார்.